மைனஸ் கிடையாத துறை

கைடு சாரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகம் அல்ல, ஒரு அட்டை. சிதம்பரத்தில் அவர் ஆய்வு மாணவர்களுக்குக் கைடாக, அதாவது வழிகாட்டியாக, இருந்த கல்லூரியில், இயற்பியல் துறையின் கடைசி அறைக் கதவில் அது ஒட்டியிருந்தது. "குவாண்டம் கணக்கீடு நடந்துகொண்டிருக்கிறது. உள்ளே வர வேண்டாம்" என்று சிவப்பு எழுத்தில். அதை அடித்துக் கொடுத்தவன் நான்தான். வெளியூரிலிருந்து யாராவது துறைக்கு வந்தால் அந்தக் கதவுவரை கூட்டிக்கொண்டு போவார், உள்ளே விடமாட்டார். குரலை இறக்கி, "ஓடிக்கிட்டிருக்கு" என்பார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற சொந்தக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். வந்தவர்களும் செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போவார்கள். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது என்ன என்பது எனக்குத் தெரியும். பிரிண்டர் பார்க்க ஒருமுறை போயிருந்தேன். சும்மா கிடக்கிற கணினித் திரையில் தானாக வருகிற ஸ்கிரீன்சேவர் மீன்கள் குறுக்கும் நெடுக்குமாக நீந்திக்கொண்டிருந்தன. கணக்கு முந்தைய வாரத்து மின்வெட்டிலேயே செத்துப்போயிருந்தது. திரும்ப ஓடவிட யாரும் மெனக்கெடவில்லை. அட்டை இருந்ததே, அது போதும் என்று விட்டுவிட்டார்.

எனக்கு அந்த ஊரில் ஒரு டி.டி.பி. கடை. ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, பக்கத்துக் கடை பைண்டிங் பாயிடம் கொடுத்து, பொன்னெழுத்து அட்டையோடு திருப்பிக் கொடுப்பது தொழில். நான் பத்தாவது தாண்டாதவன். மற்ற படிப்பெல்லாம் கடைக்கு வந்தவர்கள் வாயிலிருந்து பொறுக்கியது. யார் என்ன சொன்னாலும் அதை மனசுக்குள் சேர்த்து வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. "என் ரிசல்ட்டும் என் மாமியாரும் ஒண்ணுண்ணே, ரெண்டு தடவ ஒரே மாதிரி இருந்ததில்ல" என்று ஒரு வேதியியல்காரர் சொன்னது இன்னும் இனிக்கிறது. கைடு சார் சொன்னவையும் அந்தச் சேமிப்பில் கிடக்கின்றன. இனிக்காது, ஆனால் கெட்டும் போகாது. "படிக்கிறது ஸ்டூடண்ட் வேலை. நானும் படிச்சா அப்புறம் கைடுன்னு எதுக்குய்யா ஒருத்தன்?" இது அவர் சொன்னது. சிரிக்காமல் சொன்னார்.

ஆய்வேட்டில் அவர் உண்மையாகவே படிக்கிற பக்கம் ஒன்று இருந்தது. நன்றியுரை. என் கடை வழியாகப் போன ஆய்வேடுகளில் அதிகம் திருத்தப்பட்ட பக்கம் அதுதான். பச்சை மைப் பேனாவோடு வந்து உட்காருவார். "பேராசிரியர்" என்று மாணவர் எழுதியிருந்தால் முன்னால் "பேரறிஞர்" சேர்ப்பார். "வழிகாட்டிய" என்று இருந்தால் "இரவு பகல் பாராது வழிகாட்டிய" ஆகும். பெற்றோருக்கு எழுதின வரி தனக்கு எழுதினதைவிட நீளமாக இருந்தால் பெற்றோரைச் சுருக்குவார். பாய் எனக்கு மச்சான் முறை வைத்துப் பேசுகிறவர். அவர் ஒருநாள் பசைக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மச்சான், இந்த ஆளு பொஸ்தகத்த தெறக்கறதே தன் பேர தேடத்தான். கெடச்சதும் மூடிடுவாரு. நாம எவ்ளோ சுத்தமா தச்சாலும் நடுப் பக்கம் கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டேதான் இருக்கும்."

இவரிடம் வந்து சேர்ந்தாள் சேத்தியாத்தோப்புப் பெண் ஒருத்தி. என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். கடலூரில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை. மற்ற நேரம் இங்கே ஆராய்ச்சி. கடலூர்க் கல்லூரியில் நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது. டாக்டர் பட்டம் வந்தால் அது அவளுக்கு. வராவிட்டால் வேறு யாருக்கோ. பதிவுக் காலமும் நீட்டிப்பும் முடிகிற கட்டத்தில் இருந்தாள். அதற்குள் கைடு கையெழுத்துப் போட்டு ஆய்வேடு உள்ளே போகவில்லை என்றால் எல்லாம் முதலிலிருந்து. துறைக் கணினி அட்டைக்குக் காவலாக இருந்ததால், என் கடையில் மூலையில் கிடந்த ஒரு கணினியில்தான் அவள் வேலை பார்த்தாள்.

அவள் ஆராய்ச்சியை அவள் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். ஒரு துகள் எங்கே இருக்கிறது என்பதைப் படுக்கைக் கோட்டிலும், எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை நிமிர்ந்த கோட்டிலும் வைத்தால் வயல் மாதிரி ஒரு பரப்பு கிடைக்கும். அதற்கு ஃபேஸ் ஸ்பேஸ் என்று பெயர். சாதாரணப் பொருளென்றால் அந்த வயலில் ஒரு புள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். குவாண்டம் நிலை அப்படிப் புள்ளியாக நிற்காது. மேடும் பள்ளமுமாகப் பரவும். ஒரே துகள் இரண்டு இடத்தில் இருக்கிற மாதிரியான நிலை என்றால் இரண்டு மேடு வரும். "அதோட நிக்காதுண்ணே. ரெண்டு மேட்டுக்கும் நடுவுல வரப்பு, வாய்க்கா, வரப்பு, வாய்க்கான்னு வரும். வாய்க்கா இருக்கே, அது தரைக்குக் கீழ. பூஜ்யத்துக்குக் கீழ, மைனஸ். அந்த வாய்க்காதான் சாட்சி. அது இல்லன்னா துகள் இங்க இருக்கும், இல்ல அங்க இருக்கும், அவ்ளோதான். ரெண்டு எடத்துலயும் சேந்து இருக்குன்னு சொல்ல முடியாது" என்றாள். வெள்ளாற்றங்கரையில் நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பெண். அவள் சொன்னபோது எனக்கு விளங்கிவிட்டது.

கைடு சார் தலைமையில் துறையில் நடந்த பழைய முறை என்னவென்றால், அந்த வயலைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் நின்று ஒரு நீளமான கூட்டல் போடுவது. துகள் ஒன்று என்றால் எப்படியோ முடிந்துவிடும். இரண்டு என்றால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இன்னொரு முழு வயல். கணினி நாள்கணக்கில் உறுமும். வாய்க்கால்கள் மெல்லியவை, அதனால் கட்டத்தைப் பெரிதாக்கவும் வழியில்லை. பெரிதாக்கினால் வரப்பும் வாய்க்காலும் கரைந்து சமதரை ஆகிவிடும். எங்கள் ஊரிலோ அந்த வருஷங்களில் மின்சாரம் போவதையும் வருவதையும் வைத்துத்தான் மணி பார்த்தோம். நாள்கணக்கில் ஓட வேண்டிய கணக்கு அரைநாள்கூட முழுசாக ஓடியதில்லை. யூ.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்தும், பிறகு அதுவும் ஓயும்.

அவள் இதைப் பார்த்து அழவில்லை. கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் முடிகிற மாதிரி கணக்கையே மாற்ற முடியுமா என்று யோசித்தாள். முழு நிலையையும் சில உருண்டையான குன்றுகளின் கூட்டலாக எழுதிக்கொண்டாள். ஒரு குன்றுக்கு நடு எங்கே, அகலம் எவ்வளவு என்று சில எண்கள் போதும். இரண்டு குன்றுக்கு நடுவில் என்ன அலை எழும் என்பதற்குச் சூத்திரம் இருக்கிறது. அதை நேராக எழுதிவிடலாம். ஒன்றுமே இல்லாத கட்டங்களில் போய் நின்று கூட்டல் போட வேண்டியதில்லை. "தெருவுல ஒவ்வொரு வீடா கதவ தட்டுவாங்களாண்ணே? பந்தல் போட்டிருக்கற வீட்டுக்குப் போனா போதாதா?" என்றாள். சின்னக் கணக்கு ஒன்றைப் பழைய முறையிலும் தன் முறையிலும் போட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போயின. பிறகு பெரிய கணக்கைக் கொடுத்துவிட்டு டீ சொன்னாள். டீ ஆறுவதற்குள் படம் வந்துவிட்டது. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்ததை நான் வேறு எந்த ஆய்வேட்டுக்காரர் முகத்திலும் பார்த்ததில்லை.

கைடு சாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப கதவுல இருக்கற அட்டைய என்ன பண்றது?" என்பதாம். மறுநாள் கடைக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, அவள் காட்டியதை நின்றபடியே பார்த்தார். "டீ குடிக்கற நேரத்துல வர்றதுக்குப் பேரு ரிசர்ச்சா? வெளிய சொன்னா சிரிப்பாங்கம்மா. ஒரு மாசம் ஓடிச்சுன்னு எழுது" என்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எழுதறதுல என்ன? ஓடினா ஓடியிருக்கும்ல?" என்றார். நான் அதையும் சேமித்து வைத்துக்கொண்டேன். ஒரு பொய்யை இவ்வளவு சோம்பேறித்தனமாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆனால் வினை அங்கே இல்லை. நிறத்தில் வந்தது. அவள் படங்களைக் கலரில் எடுத்திருந்தாள்: மேடுகள் சிவப்பு, வாய்க்கால்கள் நீலம். அவர் ஒரு பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நீலத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "யோவ் டைப்பிங், உன் பிரிண்டர் இங்க் கக்குது பாரு" என்றார். அவள் மெதுவாக, "அது இங்க் இல்லீங்க சார். மைனஸ்" என்றாள்.

"மைனஸா? துகள் ஓரெடத்துல இருக்கறதுக்கான வாய்ப்பு மைனஸ்ல போவுமாம்மா? காலேஜ்ல மொத வருஷம் சேந்த பையன்கூட கேப்பான்."

"அது நேரா நிகழ்தகவு இல்லீங்க சார். அது மாதிரி ஒண்ணு. குவாண்டம்ல கீழ எறங்கும். எறங்கினாத்தான்..."

"மாதிரியாவது, மண்ணாவது. மைனஸ எல்லாம் ப்ளஸ் ஆக்கிடு. ஒரே கலரா செவப்பா வரட்டும்."

வெளிநாட்டுக் கட்டுரைகளில் இதே நீலம் இருந்த பக்கங்களை எடுத்துக் காட்டினாள். அவர் அவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் சொன்னதுதான் என் சேமிப்பிலேயே உயர்ந்த சரக்கு. "அதெல்லாம் அவன் லேப்ல இருக்கும். நம்ம டிபார்ட்மெண்ட்ல மைனஸ் கிடையாது." சொல்லிவிட்டு வாசலில் நின்று, நீலம் போகிறவரை கையெழுத்துக் கிடையாது என்றும் சொன்னார். முட்டாள்தனத்தை நான் மன்னித்துவிடுவேன். எனக்கே நிறைய இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு நிமிஷம்கூடச் செலவழிக்காமல், தெரிந்தவளுடைய இத்தனை வருஷத்தை அந்த நிமிஷத்துக்குப் பதிலாகக் கேட்கிறானே ஒரு மனுஷன், அவனை என்ன செய்வது?

சில நாள் அவள் கடைப் பக்கம் வரவில்லை. பிரிண்டருக்கு டோனர் வாங்கக் கடலூர் போயிருந்தபோது பேருந்து நிலையத்தில் பார்த்தேன். சிதம்பரம் பஸ் ஒன்று கிளம்பிப் போனது, அவள் ஏறவில்லை. டீக்கடை ஓரமாக நின்றபடி பேசினோம். அவர் சொன்னபடி மாற்றிவிடுவது எவ்வளவு சுலபம் என்று அவளே சொன்னாள். புரோகிராமில் ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும், எல்லா மைனஸும் ப்ளஸ் ஆகிவிடும். "அப்பறம் அது குவாண்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாய்க்காலத் தூத்துட்டு வயல்னு சொல்ற மாதிரி. அத வெச்சிக்கிட்டு டாக்டர்னு போட்டுக்கறதுக்கு, போட்டுக்காமலே போறேண்ணே" என்றாள். வேலை போய்விடுமே என்று கேட்டேன். "போவும்" என்றாள். குரலில் அழுகை இல்லை. சேத்தியாத்தோப்பு பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் வந்தாள். வந்ததும், "அண்ணே, கலரே வேணாம். எல்லாப் படமும் கருப்புல" என்றாள். நான் விட்டுக்கொடுத்துவிட்டாளோ என்று நினைத்தேன். அப்படியில்லை. மலைப்பகுதி வரைபடத்தில் உயரத்துக்கு உயரம் கோடு போட்டுக் காட்டுவார்களே, அந்த மாதிரி கோடுகளால் படத்தை மாற்றியிருந்தாள். மேடுகள் முழுக் கோடு. வாய்க்கால்கள் விட்டு விட்டு வருகிற கோடு. அந்தத் துறையில் கருப்பு வெள்ளையில் அச்சிடுகிற எல்லோரும் செய்வது அதுதானாம். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் தெளிவாக எழுதியிருந்தாள்: முழுக் கோடு பூஜ்யத்துக்கு மேல், விட்டுவிட்ட கோடு பூஜ்யத்துக்குக் கீழ். உள்ளே ஒரு அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான். கணக்கு ஓடினது டீ ஆறுகிற நேரம்தான் என்பது உட்பட எதையும் மறைக்கவில்லை. "படிச்சாருன்னா நிறுத்தட்டும்ண்ணே. கேட்டாருன்னா பதில் சொல்றேன்" என்றாள்.

அவர் வந்தார். வழக்கம்போல நன்றியுரையிலிருந்து ஆரம்பித்தார். பச்சைப் பேனா அங்கே வெகுநேரம் வேலை செய்தது. பிறகு படங்களை மட்டும் தள்ளிக்கொண்டே போனார். நானும் பாயும் பக்கத்தில் நின்றோம். அவள் நாற்காலி விளிம்பில், கேள்வி வந்தால் எழுந்து நிற்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஒரு படத்தில் விரல் நின்றது. விட்டுவிட்ட கோட்டைத் தடவிப் பார்த்தார். "இப்பத்தான் பாக்கறதுக்கு தீசிஸ் மாதிரி இருக்கு" என்றார். கையெழுத்துப் போட்டார். அவர் போனதும் பாய், "மச்சான், எத்தினி வருஷமா தைக்கறேன், இப்படி ஒரு தொறந்த பொஸ்தகத்த மூடிக்கிட்டே படிச்ச ஆள பாத்ததில்ல" என்றார். அவள் சிரிக்கவில்லை. வைவா இருக்கிறதே என்றாள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு எங்கள் ஊரில் பாதி பரீட்சை, பாதி விசேஷம். ஆய்வேட்டுக்காரர்தான் போண்டாவும் கேசரியும் காபியும் ஏற்பாடு செய்ய வேண்டும். வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர் நடுவில் உட்காருவார்; கைடு பக்கத்தில். துறை முழுக்கப் பின்வரிசைகளில், பலகாரத் தட்டைப் பார்த்தபடி. புரொஜெக்டர் என் கடையுடையது என்பதால் நானும் ஓரமாக நின்றேன். அவள் பேசி முடித்ததும் தேர்வாளர் ஆய்வேட்டைத் திறந்தார். ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருந்தன. நன்றியுரைப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. படிப்பதற்கென்றே படித்த ஒரு மனிதர். கோட்டுப் படம் ஒன்றை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்தி, "இந்த விட்டுவிட்டு வர்ற கோடு இருக்கே, இதத்தான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தேன். கட்டம் போட்டு செய்யற ஆளுங்களுக்கு இந்த எடத்துல எல்லாமே குழம்பிடும். இவ்ளோ கொஞ்ச நம்பர வெச்சிக்கிட்டு மைனஸ இவ்ளோ சுத்தமா காப்பாத்தியிருக்கீங்களே, என்னைக் கேட்டா இதுதான் தீசிஸ்" என்றார்.

கைடு சார் எழுந்தார். முகம் மாறவே இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். "நான் மொதல்லேர்ந்து சொல்லிக்கிட்டே இருந்தேன் சார். எத வேணா விடு, மைனஸ மட்டும் விடாதம்மான்னு" என்றார். இரண்டாவது வரிசையில் யாரோ தலையாட்டினார்கள்.

தேர்வாளர் அவளைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் கேட்டார். "அப்படியாம்மா? கைடோட யோசனையா?"

அங்கே ஒரு ஆமாம் போதும். வைவா அறிக்கையில் தேர்வாளர், கைடு இரண்டு பேர் கையெழுத்தும் இன்னும் விழவில்லை. கைடு கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் கடலூர் இல்லை. சொல்லிவிடு தங்கச்சி என்று எனக்கே தோன்றியது. அவள் திரையைக் காட்டக் கையில் வைத்திருந்த குச்சியை மேசைமேல் வைத்தாள். "இல்லீங்க சார். சார் அத எடுத்துடச் சொன்னாங்க. நான் எடுக்கல" என்றாள்.

கைடு சார், "பொண்ணு தமாஷா பேசுது" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. தேர்வாளர் அறிக்கையை இழுத்தார், கையெழுத்துப் போட்டார், காகிதத்தை அப்படியே பக்கத்துக்குத் தள்ளினார். கைடு சார் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பின்வரிசைகளைப் பார்த்தார். தேர்வாளர் போட்ட பிறகு கைடு போடவில்லை என்றால் ஏன் என்று எழுத வேண்டும். எழுத வேண்டுமென்றால் ஆய்வேட்டைப் படிக்க வேண்டும். அந்தக் கஷ்டத்துக்கு அவர் தயாராக இல்லை. போட்டார். போட்டுவிட்டுப் போண்டாத் தட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "வாய் ஜாஸ்தி. ஆனா என் ஸ்டூடண்ட் பாத்தியா" என்றார். சட்னி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அவள் சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாதித் தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

கடலூர் வேலை கிடைத்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். அவளிடம் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இப்போது என் கடைக்கு வருகிறார்கள். நன்றியுரையில் அவள் பெயர் வருகிற வரியை அவள் அடித்துக் குறைத்திருப்பதைப் பார்க்கிறேன். கைடு சார் 2012-இல் ஓய்வு பெற்றார். பணி நிறைவுக்கு ஒரு மலர் போட ஏற்பாடானது. ஏற்பாடு செய்தவரும் அவரே. மாணவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். வந்தவற்றை நான்தான் கோத்தேன். கடல், மலை, கலங்கரை விளக்கம் என்று எல்லாவற்றோடும் அவரை ஒப்பிட்டிருந்தார்கள். பிரூஃப் பார்க்க அவரே வந்து உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக ரசித்தார். அவள் பக்கம் வந்ததும் நிறுத்தினார். அதில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: "சார் என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார்."

"என்னய்யா, மீதிய விட்டுட்டியா?"

"இல்லீங்க சார். அவுங்க அவ்ளோதான் அனுப்பிச்சாங்க."

நிறைய நேரம் அந்த வரியையே பார்த்தார். ஏதாவது உறைக்கிறதா என்று நானும் அவர் முகத்தையே பார்த்தேன். "சரிதான், போட்டேனே" என்றார். "ஆனா கீழ இவ்ளோ எடம் சும்மா கெடக்கு பாரு, பாக்க நல்லா இல்ல. என் போட்டோ ஒண்ணு போட்டு நெரப்பிடு."

போட்டேன். மலரின் ஒரு பிரதி என் கடையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் கோட்டு சூட்டோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். தலைக்கு மேலே, அவர் வாழ்நாளில் செய்த ஆராய்ச்சி முழுவதும் ஒரே வரியில் இருக்கிறது.